தூணைக் காப்பாற்றும் மெல்லிய கம்பி

1971 பிப்ரவரி 9, காலை 6 மணி. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வடக்கே சான் பெர்னாண்டோ பகுதியை 6.6 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. அங்கிருந்த ஆலிவ் வியூ மருத்துவமனைக் கட்டடம் அப்போது புத்தம் புதியது. அதன் படிக்கட்டுக் கோபுரங்கள் நான்கில் மூன்று பிய்ந்து சாய்ந்தன. பொறியாளர்களை அதைவிட அதிகம் யோசிக்க வைத்தவை கீழ்த்தளத் தூண்கள்.

அங்கே இரண்டு வகைத் தூண்கள் இருந்தன. மூலைத் தூண்களில் தனித்தனி வளையங்கள் இடைவெளி விட்டுக் கட்டப்பட்டிருந்தன. அவை நொறுங்கி, உள்ளிருந்த கான்கிரீட் கொட்டிப்போனது. மற்றவற்றில் ஒரே கம்பியை நெருக்கமாகச் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தார்கள். அவற்றில் மேல்தோல் மட்டும் உதிர்ந்தது. தூண் சாய்ந்தது, ஆனால் சுமையை விடவில்லை. ஒரே கட்டடம், ஒரே குலுக்கல். இதைவிடத் தெளிவான சோதனையை ஆய்வகத்தில்கூட நடத்தியிருக்க முடியாது.

தரை நகரும்போது மேல்தளங்கள் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன. அந்த இழுபறி முழுவதும் தூண்களின் தலையிலும் அடியிலும் வந்து விழுகிறது. அங்கே கான்கிரீட் விரிசல் விடத்தான் செய்யும். பெரிய நிலநடுக்கத்தில் ஒரு கீறலும் விழாத வீடு கட்டினால் செலவு கட்டுப்படியாகாது. வீடு பழுதாகலாம், ஆட்கள் மேல் விழக்கூடாது என்பதே பொறியாளர் போடும் கணக்கு. உடைந்த கான்கிரீட்டும் சுமை தாங்கும், சிதறாமல் பிடித்து வைத்தால். சாக்கில் இருக்கும் நெல்லின் மீது ஏறி நிற்கலாம். சாக்கு கிழிந்தால் முடியாது. தூணில் சாக்கின் வேலையைச் செய்வது, கட்டுமான இடங்களில் ‘ரிங்’ என்று சொல்லும் அந்த மெல்லிய வளையம்தான். நெடுக்குக் கம்பி வெளியே பிதுங்காமல் தடுப்பதும் அதுவே.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 13920 வெளிவந்தது 1993இல். தூணின் இரு முனைகளிலும் ரிங்குகளின் இடைவெளி 100 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்றும், ரிங்கின் நுனியில் உள்ள கொக்கியை 135 டிகிரிக்கு மடிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 90 டிகிரியில் மடித்தால் கொக்கியின் நுனி வெளித்தோல் கான்கிரீட்டிலேயே கிடக்கும். தோல் உதிர்ந்ததும் ரிங் வாயைத் திறந்துவிடும். 135 டிகிரி மடித்த நுனி தூணின் உட்பகுதிக்குள் புதைந்து நிற்பதால் பிடி நழுவாது. ஆனால் அது கம்பி வளைப்பவருக்குக் கூடுதல் கைவேலை. வீடு கட்டுபவர் எந்த சிமென்ட் என்று விசாரிப்பார். கொக்கியைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் அருகே பூமி அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தை வாகனம் நிறுத்தச் சுவரின்றித் திறந்து விட்டவை. மேலே செங்கல் சுவர்கள் விறைப்பாக நிற்க, அசைவெல்லாம் கீழ்த்தளத் தூண்களில் குவிந்தது. ரிங்குகளும் நெருக்கமாக இல்லையென்றால் அந்தத் தூண்களால் என்ன செய்ய முடியும்? ஆலிவ் வியூவிலும் இதே கோளாறு உண்டு: மேல்தளங்களின் கான்கிரீட் சுவர்கள் கீழே வரை இறங்கவில்லை.

பழைய கட்டடங்களின் சிக்கல், உள்ளே எத்தனை ரிங் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது என்பது. கம்பிகளைக் கண்டறியும் கருவியை வைத்துத் தூணைத் தடவிப் பார்க்கலாம். சில இடங்களில் கான்கிரீட்டைக் கொத்தித் திறந்துதான் ஆக வேண்டும். வைத்தியம் எளிதாகப் புரியும்: உள்ளே போடாத ரிங்கை வெளியே போடுவது. தூணைச் சுற்றி எஃகுத் தகடு, கார்பன் நார்த் துணி, அல்லது புதுக் கம்பிக் கூட்டுடன் இன்னொரு கான்கிரீட் உறை. கூடவே திறந்த கீழ்த்தளத்தில் சில கான்கிரீட் சுவர்களையும் எழுப்புவார்கள்.

செலவுதான் இடிக்கிறது. குடியிருப்பவர்களை வெளியேற்ற வேண்டும், கடைகளை மூட வேண்டும். வளைந்துகொடுக்காத பழைய கான்கிரீட் கட்டடங்களைப் பலப்படுத்த லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் கட்டாயச் சட்டம் கொண்டுவந்தது 2015இல், அதாவது ஆலிவ் வியூ சாய்ந்து 44 ஆண்டுகள் கழித்து. அதிலும் உரிமையாளர்களுக்குக் கொடுத்த அவகாசம் 25 ஆண்டுகள்.