பென் டிரைவுக்குள் ஐந்து பகா எண்கள்

"பென் டிரைவில் 20 ஜிபி காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் 5 ஜிபி படம் ஒன்று ஏற மாட்டேன் என்கிறதே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதில் சுலபம். அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அந்த முறையில் ஒரு ஃபைலின் அளவைக் குறித்துவைக்க 32 பிட்டுகள்தான் உண்டு. முப்பத்திரண்டிலும் 1 போட்டு நிரப்பினால் வருவது 4294967295, அதாவது ஏறக்குறைய 4 ஜிபி. அதற்கு மேல் ஒரு பைட்கூடக் கூடாது. பெரிய ஃபைல்களையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிவிடுங்கள், உள்ளே இருப்பதை முதலில் காப்பி எடுத்துவிட்டு.

சரி, கேள்வி முடிந்தது. எனக்குத்தான் அந்த எண்ணை விட மனசில்லை.

ஒரு எண்ணின் வர்க்கத்தில் 1 கழித்தால், அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பெருக்கிய தொகை வரும். எட்டாம் வகுப்புப் பாடம்தான். 4294967296 என்பது 65536-இன் வர்க்கம். ஆகவே நம் எண் 65535 × 65537. இனி 65536 என்பது 256-இன் வர்க்கம். 65535 உடைந்து 255 × 257 ஆகிறது. 255 உடைந்து 15 × 17. 15 உடைந்து 3 × 5. ஒவ்வொரு முறையும் பெரியது அப்படியே நிற்க, சின்னது மறுபடி உடைகிறது. கடைசியில் கையில் இருப்பது:

3 × 5 × 17 × 257 × 65537

ஐந்தும் பகா எண்கள்! 2, 4, 16, 256 என்று வர்க்கமாக்கிக்கொண்டே போய் ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் நம்பினார். அடுத்தது 4294967297, பென் டிரைவ் எண்ணைவிட 2 அதிகம். அதனாலேயே முந்தைய ஐந்தில் எதனால் வகுத்தாலும் மீதி 2 நிற்கும். பழைய ஆட்கள் யாரும் அதைத் தொட முடியாது. ஆனால் 1732-இல் கணித மேதை ஆய்லர் புது ஆளைப் பிடித்துவந்தார்: 641 × 6700417. காகிதத்தில் பெருக்கிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. அதன்பின் இந்த வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை.

வண்டி நம்பரின் கூட்டுத்தொகை 8 வந்துவிடக் கூடாது என்று பணம் கட்டும் நண்பர்கள் எனக்கும் உண்டு. நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 57, பிறகு 12, பிறகு 3. அது 9-ஆல் வகுத்தால் நிற்கும் மீதி, அவ்வளவுதான். எண்ணின் குணம் தெரிய அதைக் காரணிகளாகப் பிரிக்க வேண்டும்.

அப்புறம், 1796-இல் பின்னாளில் பெரிய கணித மேதையான பதினெட்டு வயது காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரையலாம் என்று காட்டினார். இந்த ஐந்து எண்களில் எதற்கும் அது பொருந்தும். ஒன்றை இருமுறை சேர்க்காமல் எப்படிப் பெருக்கினாலும் பொருந்தும். ஒற்றைப்படைப் பக்கங்களில், வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த மிகப் பெரிய பலகோணத்துக்கு 4294967295 பக்கங்கள். வெறும் 65537 பக்கத்துக்கே ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் பத்து ஆண்டுகள் உட்கார்ந்தார். அந்தக் கைப்பிரதி இன்னும் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஒரு பெட்டியில் இருக்கிறது.