படாத அடி வலிப்பது எப்படி? ‘தி ரெய்டு 2’ சண்டைக் காட்சிகளின் அறிவியல்

2014-இல் வெளிவந்த இந்தோனேசியத் திரைப்படமான ‘தி ரெய்டு 2’-இன் இறுதிப் பகுதியில், வெள்ளை ஓடு பதித்த ஒரு பெரிய சமையலறையில் இரண்டு பேர் மோதிக்கொள்கிறார்கள். முதலில் வெறுங்கைகளாலும், பின்னர் ‘கெரம்பிட்’ என்ற, புலி நகம் போல் வளைந்த சிறு கத்திகளாலும் அந்தச் சண்டை நீள்கிறது. அதைப் பார்ப்பவரின் தோள்கள் தாமாக இறுகுகின்றன. ஒவ்வோர் அடிக்கும் உடல் ஒருமுறை பின்வாங்குகிறது. ஆனால் முகத்தை நோக்கி வரும் அந்தக் குத்துகள் உண்மையிலேயே முழு வேகத்தில் பட்டிருந்தால், இரு நடிகர்களில் எவரும் மறுநாள் படப்பிடிப்புக்கு வந்திருக்க முடியாது. படாத அடி நமக்கு ஏன் வலிக்கிறது என்ற கேள்விக்கு ஒளியியலிலும், மூளையின் காலக் கணக்கிலும், ஒலியிலும் விடைகள் இருக்கின்றன. அந்த விடைகள் அனைத்தும் வந்து சேரும் இடம், நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒருவரின் உடல். திரையில் ஓர் அடியை உண்டாக்குபவர் அடிப்பவர் அல்லர், அதை வாங்குபவரே என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் படத்தை எடுத்தவர்களின் கதையே இதை விளக்கத் துணை செய்கிறது. வேல்ஸைச் சேர்ந்த இயக்குநர் கேரத் எவன்ஸ், 2007-ஆம் ஆண்டு வாக்கில் ‘பென்சாக் சிலாட்’ என்ற இந்தோனேசியத் தற்காப்புக் கலையைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றிற்காக அந்நாட்டுக்குச் சென்றார். அங்கே, ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வாகன ஓட்டுநராக வேலை பார்த்துக்கொண்டிருந்த இகோ உவைஸ் என்ற இளைஞரைக் கண்டார். ஜகார்த்தாவின் பெத்தாவி மரபுச் சிலாட்டைக் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் பேரர் அவர். இருவரும் சேர்ந்து 2009-இல் ‘மெரன்தாவ்’ படத்தை உருவாக்கினர். அதன்பின் எவன்ஸ் எழுதிய சிறைச்சாலை, குற்றக் கும்பல் கதையான ‘பெரன்டால்’ என்ற திரைக்கதைக்குப் போதிய முதலீடு கிடைக்கவில்லை. ஆகவே ஒரே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நடந்து முடியும் எளிய கதையாக, சுமார் 11 லட்சம் டாலர் செலவில் ‘தி ரெய்டு’ 2011-இல் உருவானது. அது உலகெங்கும் பெற்ற வரவேற்புக்குப் பின்னரே, ஒதுக்கி வைத்திருந்த ‘பெரன்டால்’ திருத்தி எழுதப்பட்டு, சுமார் 45 லட்சம் டாலர் செலவில் இரண்டாம் பாகமாயிற்று. முதல் படத்தில் ‘மேட் டாக்’ என்ற பாத்திரத்தில் இறந்துபோன யயான் ருஹியான், இரண்டாம் படத்தில் பிரகோசோ என்ற வேறொருவராகத் திரும்ப வந்தார். சண்டை வடிவமைப்பில் இகோவும் அவருமே முதன்மையானவர்கள் என்பதால், அவர் இல்லாமல் தொடர்ச்சியை எடுப்பது எளிதாக இருந்திருக்காது.

முதலில் ஒளியியலைப் பார்ப்போம். கேமராவுக்கு ஒரு கண்தான் உண்டு. அது பதிவு செய்யும் படத்தில் ஆழம் இல்லை. குத்து முகத்துக்கு 10 செ.மீ. முன்னாலேயே கடந்து போனாலும், அந்த இடைவெளி கேமராவின் பார்வைக் கோட்டின் மீதே அமைந்துவிட்டால் திரையில் அது மறைந்துவிடுகிறது. கேமராவைத் தூர வைத்து, அதிகக் குவியத்தூரமுள்ள லென்ஸால் எடுக்கும்போது இந்த மறைப்பு இன்னும் உறுதியாகிறது. தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கும்போது, ஏறத்தாழ 20 மீட்டர் இடைவெளியில் நிற்கும் பந்துவீச்சாளரும் மட்டையாளரும் அருகருகே நிற்பதைப் போலத் தெரிவதும் இதனால்தான். 3 மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால், 15 செ.மீ. முன்னால் இருக்கும் கை சுமார் 5 சதவீதம் பெரிதாகத் தெரியும். 6 மீட்டருக்கு நகர்ந்தால் அந்த வேறுபாடு பாதியாகக் குறையும்.

சிக்கல் என்னவென்றால், கேமரா அந்தக் கோட்டிலிருந்து சற்று விலகினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். 10 செ.மீ. இடைவெளியைப் பார்வைக் கோட்டிலிருந்து 10 பாகை விலகிப் பார்த்தால், அது ஏறத்தாழ 1.7 செ.மீ. அளவுக்குத் தெரியும், 30 பாகை விலகினால் 5 செ.மீ. அளவுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும். அசையாத கேமராவுக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஆனால் ‘தி ரெய்டு 2’-இன் ஒளிப்பதிவாளர்களான மாட் ஃபிளானரியும் டிமாஸ் இமாம் சுபோனோவும் கேமராவைக் கையில் ஏந்தியபடி சண்டைக்குள்ளேயே நகர்கிறார்கள். உருளும் உடலோடு கேமராவும் சாய்கிறது, எழும் உடலோடு எழுகிறது. ஒவ்வொரு குத்து விழும் கணத்திலும் அவர்கள் சரியான கோட்டில் இருந்தாக வேண்டும் என்றால், கேமராவின் பாதையும் சண்டையின் அசைவுகளோடு சேர்த்தே வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அதற்காக எவன்ஸ் கையாளும் முறை எனக்குப் பெரும் மதிப்பைத் தருகிறது. படப்பிடிப்பு தொடங்குவதற்கு வெகு முன்னரே, மெத்தை விரித்த பயிற்சிக் கூடத்தில் சண்டை முழுவதையும் சிறிய கேமராவால் எடுத்து, வெட்டி ஒட்டி, ஒரு முழு மாதிரிப் படமாகவே தொகுத்துவிடுகிறார்கள். எந்தக் கோணத்தில் எந்த அசைவு, எந்த இடத்தில் வெட்டு என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடுகிறது. தளத்தில் நடப்பது அந்த மாதிரியைத் துண்டு துண்டாக மீண்டும் நிறைவேற்றுவதுதான். பல கோணங்களில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பிறகு தொகுப்பு மேசையில் சண்டையைத் தேடும் வழக்கத்திலிருந்து இது முற்றிலும் வேறானது.

இனி காலக் கணக்கு. திரைப்படம் விநாடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. ஒரு குத்து விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கை 33 செ.மீ. நகர்ந்திருக்கும். வழக்கமான கேமரா அமைப்பில் ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரம் விநாடியில் 48-இல் ஒரு பங்கு. அதற்குள்ளேயே கை ஏறக்குறைய 17 செ.மீ. தூரம் கடந்து ஒரு மங்கலான கோடாகப் பதிகிறது. ஆக, கை முகத்தைத் தொடும் அந்தக் கணம் பெரும்பாலும் எந்தப் படத்திலும் பதிவாவதே இல்லை. கை வருவதைக் காட்டும் ஒரு படத்துக்கும், தலை திரும்பியிருப்பதைக் காட்டும் அடுத்த படத்துக்கும் நடுவில் உள்ள மோதலை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது.

மூளை இதை எந்த விதிப்படி செய்கிறது என்பதைப் பெல்ஜிய உளவியலாளர் ஆல்பெர் மிஷோத் 1946-இல் வெளியிட்ட தம் ஆய்வுகளில் காட்டினார். ஒரு சதுரம் நகர்ந்து வந்து மற்றொரு சதுரத்தின் அருகில் நிற்கிறது. உடனே இரண்டாவது நகரத் தொடங்குகிறது. அங்கே எந்த விசையும் இல்லை, இரண்டும் வெறும் வடிவங்கள்தாம். ஆனாலும் முதலாவது இரண்டாவதைத் தள்ளிவிட்டது என்றே பார்ப்பவர்கள் உணர்கிறார்கள். இரண்டாவது நகர்வதில் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமதம் ஏற்பட ஏற்பட இந்த உணர்வு தேய்ந்து, இரண்டும் தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பிரிந்துவிடுகின்றன.

பத்தில் ஒரு விநாடி என்பது திரைப்படக் கணக்கில் இரண்டரைப் படங்களுக்கும் குறைவு. கண்ணால் ஒன்றைப் பார்த்து உடல் அசையத் தொடங்கவோ மனிதருக்கு ஏறத்தாழ பத்தில் இரண்டு விநாடி தேவைப்படுகிறது. எனவே குத்து வருவதைப் பார்த்த பிறகு தலையைத் திருப்பும் ஸ்டன்ட் கலைஞர் எப்போதும் தாமதமாகவே திருப்புவார், அடி பொய்யாகிவிடும். முந்திக்கொண்டு திருப்பினாலும் பொய்தான். குத்து தொடங்குவதற்கு முன்னரே அதன் தாளத்தைத் தம் உடலுக்குள் எண்ணிக்கொண்டு, கண்ணை நம்பாமல் எண்ணிக்கையை நம்பி, சரியான கணத்தில் கழுத்தையும் தோளையும் இடுப்பையும் விட்டுக்கொடுக்க வேண்டும். இதற்குத்தான் அத்தனை ஒத்திகை. அடிப்பவர் கொஞ்சம் பிசகினால் கோணத்தால் மறைத்துவிடலாம். வாங்குபவர் பிசகினால் மறைக்க வழியே இல்லை.

ஒலியின் பங்கும் சிறியதன்று. 1997-இல் ராபர்ட் செகுலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஒரு சோதனையில், திரையில் இரண்டு வட்டுகள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று கடந்து சென்றன. ஒலி எதுவும் இல்லாதபோது பெரும்பாலும் அவை ஊடுருவிச் சென்றதாகவே தெரிந்தது. இரண்டும் சந்திக்கும் கணத்தில் ஒரு சிறு ஒலியைச் சேர்த்ததும், அவை மோதித் திரும்பியதாகப் பார்ப்பவர்கள் பலமுறை கூறினர். கண்ணுக்குத் தெரிந்த காட்சி மாறவே இல்லை. காது தந்த செய்தியால் கண் கண்டது மாறியது. சண்டைக் காட்சிக்கு ஒலி சேர்ப்பவர்கள் இந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். தோலைத் தட்டும் ஓசை, ஈரத்துணியின் ஓசை, காய்கறித் தண்டு முறியும் ஓசை எனப் பல அடுக்குகளைச் சேர்த்து அவர்கள் ஓர் அடியைக் கட்டுகிறார்கள். எங்கே வைப்பது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. ஒலிபரப்புத் துறையின் சர்வதேசப் பரிந்துரைகளின்படி, ஒலி படத்துக்கு 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்; பிந்தினாலோ 125 மில்லிவிநாடி வரை அதைக் கவனிக்க மாட்டார்கள். இயற்கையில் ஒளியே முதலில் வருகிறது என்பதால், பிந்தும் ஒலிக்கு நாம் பழகியிருக்கிறோம்.

ஜூலி எஸ்டெல் ஏற்ற, இரு கைகளிலும் சுத்தியல் ஏந்திய கொலைகாரியின் ரயில் பெட்டிச் சண்டையை ஒருமுறை ஒலியே இல்லாமல் பார்த்தால் இந்த உண்மை விளங்கும். அவர் சண்டைக்கலைப் பின்னணியிலிருந்து வந்தவர் அல்லர். இப்படத்துக்காகப் பயிற்சி பெற்றவர். அவருடைய அசைவுகளின் துல்லியம் அப்போதும் தெரியும், ஆனால் சுத்தியலின் எடை பாதியாகக் குறைந்துவிடும்.

அடியின் விசையைக் கண்ணுக்குக் காட்ட உடல் மட்டும் போதாது என்பதை இந்தப் படம் நன்கு அறிந்திருக்கிறது. சிறைச்சாலை முற்றத்தில் நடக்கும் கூட்டச் சண்டை மழையிலும் சேற்றிலும் அமைந்ததற்குக் கதையில் காரணம் இருக்கலாம். இயற்பியலிலும் ஒரு காரணம் இருக்கிறது. விழும் உடல் ஒவ்வொன்றும் சேற்றைத் தெறிக்க வைக்கிறது. தெறிப்பின் உயரமே விசையின் அளவுகோலாகி விடுகிறது. பிரகோசோவின் மரணக் காட்சியில், பனி பெய்யவே பெய்யாத ஜகார்த்தாவின் சந்தில் பனி பெய்கிறது. இயல்புநிலையை மீறிய அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். சமையலறையின் வெள்ளை ஓடுகளைப் போலவே அங்கேயும் வெண்மை ஒவ்வொரு சிவப்புத் துளியையும் பெரிதாக்கிக் காட்டுகிறது.

வெட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் அசைவின் நடுவில் ஒரு கோணத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், நம் கவனம் அசைவைத் தொடர்வதால் வெட்டே கண்ணில் படாமல் போகிறது. வெட்டு வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்துமாறு பார்வையாளர்களிடம் சொல்லி 2008-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், இவ்வகை வெட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவர்கள் தவறவிட்டார்கள்.

கார் துரத்தல் காட்சி வேறு வகைச் சாதனை. ஹாங்காங் ஸ்டன்ட் இயக்குநர் புரூஸ் லாவின் மேற்பார்வையில் எடுக்கப்பட்ட அக்காட்சியின் ஒரு பகுதியில், கேமரா ஒரு காரின் சன்னல் வழியே வெளியேறி, ஓடிக்கொண்டிருக்கும் மற்றொரு காருக்குள் புகுகிறது. கணினி வரைகலை என்று பலர் எண்ணக்கூடும். உண்மையில் கேமராவைக் கைமாற்றித்தான் எடுத்தார்கள். ஒளிப்பதிவுக் கலைஞர் ஒருவர் காரின் இருக்கையைப் போலவே உறையணிந்து இருக்கையாக உட்கார்ந்திருந்தார். இரண்டு கார்களும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் செல்லும்போது அவற்றின் சார்பு வேகம் சுழியம். சாலையைப் பொறுத்தவரை எவ்வளவு வேகமாகப் போனாலும், கேமராவைப் பொறுத்தவரை இரண்டு கைகளும் அசையாமல் நிற்கின்றன. கோட்பாடு இவ்வளவு எளிது. அதை ஓட்டுநர்கள் சாலையில் நிகழ்த்திக் காட்டுவதுதான் அரிது.

கோணத்தாலும் ஒலியாலும் மறைக்க முடியாதது ஒன்று உண்டு: விழுதல். குத்து படாமல் போகலாம். தரை படாமல் போகாது. 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் விநாடிக்கு 6 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் தரையை அடைகிறது. விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால், உடல் தாங்கும் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பின் எத்தனை மடங்கு என்பது தோராயமாகக் கிடைக்கும். கெட்டித் தரையில் 2 செ.மீ. தூரத்துக்குள் நின்றால் அது 100 மடங்கு, 20 செ.மீ. அமுங்கும் மெத்தையில் 10 மடங்கு. மெத்தையைக் காட்ட முடியாத காட்சிகளில், ஸ்டன்ட் கலைஞர்கள் உருண்டும், கைகளையும் முதுகையும் பரப்பியும், உடைக்குள் அணிந்த திண்டுகளை நம்பியும் அந்தத் தூரத்தையும் பரப்பையும் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்கள். ‘தி ரெய்டு 2’-இல் இகோவும், சமையலறையில் அவரை எதிர்கொள்ளும் செச்செப் ஆரிஃப் ரஹ்மானும் பெயரோடு நினைவில் நிற்கிறார்கள். மேற்கு ஜாவாவின் சிலாட் மரபில் வளர்ந்த செச்செப், அடி கொடுப்பதில் உள்ள அதே நுட்பத்தை வாங்குவதிலும் காட்டுவதால்தான் அந்த இறுதிச் சண்டை அவ்வளவு நேரம் தளராமல் நிற்கிறது. சேற்றிலும் ரயில் பெட்டியிலும் சுவரில் மோதிச் சரிந்த மற்றவர்களின் பெயர்கள், படம் முடிந்தபின் ஓடும் பட்டியலில் இருக்கின்றன. அமெரிக்கத் திரைப்படக் கழகம் ஸ்டன்ட் வடிவமைப்புக்கென ஆஸ்கர் விருதை 2025-இல்தான் அறிவித்தது. 2027-இல் வெளியாகும் படங்களுக்கு, 2028-இல் நடக்கவிருக்கும் 100-ஆவது விழாவில் அது முதன்முறையாக வழங்கப்படும்.