அப்பெலாத்திஃப்: விளிச்சொல் அன்று, வழங்குசொல்

“போலந்தில் விளிச்சொற்களைப் பிள்ளைகளுக்குப் பெயராக வைக்கும் வழக்கம் உண்டு.” போலிஷ் பெயர்களைப் பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையில் இந்த வரியைப் படித்தேன். இதே ‘விளிச்சொல்’ என் கண்ணில் படுவது இது மூன்றாவது முறை. தமிழ் படித்த ஒருவர் இதை எப்படிப் புரிந்துகொள்வார்? ‘கண்ணே’, ‘மகளே’ என்பது போன்ற சொற்களைப் போலந்துக்காரர்கள் பெயராக வைக்கிறார்கள் என்றுதானே? மூலத்தில் அப்படி எதுவும் இல்லை. ரோஜாவுக்கு ‘ரூஷா’ என்று ஒரு சொல் இருக்கிறது, அதையே ஒரு பெண்ணுக்கும் பெயராக வைக்கிறார்கள். சொல்லவந்தது அவ்வளவுதான்.

கோளாறு ‘அப்பெலாத்திஃப்’ என்ற சொல்லில் இருக்கிறது. போலிஷ் பெயராய்வாளர்கள், தனி ஒருவருக்கோ ஓர் ஊருக்கோ உரியதாகாமல் ஓர் இனம் முழுவதையும் குறிக்கும் சொல்லை இப்படி அழைக்கிறார்கள். ஆறு, ஓநாய், கொல்லன், நம்பிக்கை எல்லாம் அப்பெலாத்திஃப். அதிலிருந்து பிறந்த ஆட்பெயர்கள் ‘இம்யோனா ஒதப்பெலாத்திவ்னே’. ‘இம்யே’ என்பது பிறந்ததும் வைக்கும் பெயர். குடும்பப் பெயருக்கு ‘நஸ்விஸ்கோ’ என்றும் பொருளின் பெயருக்கு ‘நஸ்வா’ என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. இம்யேவும் இலத்தீன் ‘நோமென்’, வடமொழி ‘நாமன்’ ஆகியவையும் ஒரே வேரில் வந்தவை. நம் நாமமும் அந்த உறவுதான்.

அப்பெலாத்திஃபின் வேர் இலத்தீன் ‘அப்பெல்லாரே’, அதாவது அழைத்தல். மொழிபெயர்ப்பாளர் இதை அகராதியில் பார்த்தார், அழைத்தல் என்றால் விளித்தல், ஆகவே விளிச்சொல் என்று முடித்துவிட்டார். வேரைப் பார்த்தவர் அந்தச் சொல் நடந்துவந்த வழியைப் பார்க்கவில்லை. கிரேக்கத்தில் ஸ்டோயிக் என்ற தத்துவ மரபின் அறிஞர்கள் பெயர்ச்சொல்லை இரண்டாகப் பிரித்தார்கள். சாக்ரடீஸ் போன்ற தனிப்பெயர் ‘ஓனோமா’. மனிதன், குதிரை போன்றவை ‘ப்ரோசெகோரியா’. இந்த இரண்டாவதைத்தான் உரோமானிய இலக்கணக்காரர்கள் ‘நோமென் அப்பெல்லாத்தீவும்’ என்று பெயர்த்தார்கள். 4ஆம் நூற்றாண்டில் தொனாத்துசும் 6ஆம் நூற்றாண்டில் பிரிஸ்கியானும் அதை அப்படியே கையாண்டார்கள். ஆக, இலக்கணத்துக்குள் வந்த நாள் முதல் அந்தச் சொல்லுக்கு ‘பலவற்றுக்கும் பொதுவான பெயர்’ என்பதுதான் பொருள். யாரையும் கூவி அழைப்பதோடு அதற்குத் தொடர்பே இல்லை.

விளி என்பது தமிழில் காலியாகக் கிடக்கும் சொல்லும் அன்று. அது எட்டாம் வேற்றுமை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலே அதற்காக இருக்கிறது. இன்னும் மோசம், போலிஷ் மொழியிலும் விளிவேற்றுமை உயிரோடு இருக்கிறது. அங்குள்ள ஏழு வேற்றுமைகளில் ஒன்றான அதற்கு ‘வோவாச்’ என்று பெயர். ரூஷாவைக் கூப்பிடும்போது ‘ரூஷோ’, யகோடாவைக் கூப்பிடும்போது ‘யகோடோ’. வோவாச்சையும் விளி என்று சொல்லி, அப்பெலாத்திஃபையும் விளிச்சொல் என்று சொன்னால் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வது? உண்மையில் இரண்டும் எதிர்த்திசையில் நிற்பவை. யகோடா என்றால் பொதுவாகச் சிறுபழம். நாட்டின் பெரும்பகுதியில் காட்டில் விளையும் கருநீலப் பழம். ஒரு தாய் ‘யகோடோ!’ என்று மகளைக் கூப்பிடும் அந்த நொடியில் அது அப்பெலாத்திஃபாக இல்லை, முழுக்க ஆட்பெயராகிவிட்டது. எது பெயராகிவிட்டது என்பதற்கு அடையாளமோ, அதையே பெயராகாத சொல்லுக்குப் பட்டமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு மொழிபெயர்ப்பு ‘சாதாரணப் பெயர்’. அப்பெலாத்திஃபுக்குப் பள்ளி இலக்கணத்தில் ‘நஸ்வா பொஸ்பொலித்தா’ என்ற பெயரும் உண்டு. பொஸ்பொலித்தி என்றால் இன்றைய பேச்சில் ‘சாதாரணமான’ என்றும் பொருள். ஆனால் அதன் அடியில் இருப்பது ‘சேர்ந்து, கூட்டாக’ என்ற கருத்து. போலந்து தன் அரசுப் பெயரில் வைத்திருக்கும் ‘ஷெச்பொஸ்பொலித்தா’வும் அதே சொல்தான், ‘எல்லோருக்கும் பொதுவான காரியம்’. அதைச் சாதாரண நாடு என்று யாராவது பெயர்ப்பார்களா? ‘போலந்தில் சாதாரணப் பெயர்களுக்குத் தடை’ என்று ஒருவர் எழுதிய செய்தி இந்தத் தவறிலிருந்து முளைத்ததுதான். பியோதர், ஆன்னா போன்ற சாதாரணப் பெயர்களை அங்கே யார் தடுத்தார்கள்? 1996இல் போலந்து அறிவியல் கழகத்தின்கீழ் அமைந்த போலிஷ் மொழி மன்றம், பொதுவான சொற்களைப் பிள்ளைகளுக்குப் பெயராக வைக்க வேண்டாம் என்று பதிவு அலுவலகங்களுக்குப் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டமில்லை. 2015 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டம், இரண்டு பெயர்களுக்கு மேல் வைப்பதையும், செல்லச் சுருக்கங்களையும், கேலிக்கோ ஆபாசத்துக்கோ இடந்தரும் பெயர்களையும்தான் மறுக்கச் சொல்கிறது. பிள்ளை ஆணா பெண்ணா என்பதும் பெயரில் தெரிய வேண்டும். பழத்தின் பெயர், பூவின் பெயர் என்பதற்காக எதையும் அது தள்ளவில்லை.

சரி, ‘பொதுப்பெயர்’ என்று சொல்லலாமா? என் ஆசையும் முதலில் அதுவாகத்தான் இருந்தது. ஆனால் நன்னூல் வழி படித்தவருக்கு மரம் பொதுப்பெயர், மாவும் பனையும் சிறப்புப்பெயர். அந்தக் கணக்கில் ரோஜாவே சிறப்புப்பெயராகிவிடும். நமக்கு வேண்டிய பிரிவு அதுவன்று. ‘வழக்குச்சொல்’ என்றால் வட்டார வழக்கு நினைவுக்கு வருகிறது. ‘ஆகுபெயர்’ என்று ஒருவர் வாதிட்டார். ஆகுபெயருக்கு முதற்பொருளோடு ஒட்டு வேண்டும். யகோடா என்ற பெண்ணுக்கும் பழத்துக்கும் என்ன ஒட்டு?

இங்கே முக்கியம், அந்தச் சொல் இன்றும் வாயில் புழங்குகிறதா என்பது. பியோதர் என்பதும் கிரேக்கத்தில் பாறைதான். ஆனால் எந்தப் போலந்துக்காரர் காதுக்கும் அது பாறையாகக் கேட்காது. கலினா அப்படியில்லை. வேலியோரம் சிவப்புப் பழம் காய்க்கும் செடியும் கலினா, நடிகை கலினா யெந்த்ருசிக்கும் கலினா. 1871இல் சமோஷ்ச் நகரில் பிறந்த ரோசா லக்சம்பர்க்கைப் போலிஷ் மொழியில் ரூஷா என்றுதான் எழுதுகிறார்கள். பூக்கடையில் கேட்கும் அதே சொல். ஆகவே அப்பெலாத்திஃப் என்பதை ‘வழங்குசொல்’ என்றும், அதிலிருந்து வந்த பெயரை ‘வழங்குசொற்பெயர்’ என்றும் சொல்கிறேன். இம்யேவுக்குத் தொல்காப்பியர் கொடுத்த ‘இயற்பெயர்’ போதும். ‘முதற்பெயர்’ என்ற ஆங்கில நிழல் வேண்டவே வேண்டாம்.

வழங்குசொல் பெயராகும்போது இலக்கணமும் அசைகிறது. நார்ட்சிஸ் என்பது ஒரு பூ, ஓர் ஆணின் பெயரும்கூட. பூவைப் பார்க்கிறேன் என்றால் ‘விட்சே நார்ட்சிஸ்’. ஆளைப் பார்க்கிறேன் என்றால் ‘விட்சே நார்ட்சிஸா’. பூக்கள் பல என்றால் நார்ட்சிஸி, அந்தப் பெயருள்ள ஆண்கள் பலர் என்றால் நார்ட்சிஸோவியே. ‘மலர் விழுந்தது’, ‘மலர் வந்தாள்’ என்று நம் வினை திணையைக் காட்டுகிறது. அவர்களுக்கு அந்த வேலையைப் பெயரின் ஈறு செய்கிறது. இதைத் திணைமாற்றம் என்று சொன்னால் தமிழ் வாசகருக்கு ஒரே வரியில் புரிந்துவிடும். அதை விட்டுவிட்டு ‘உயிருள்-உயிரில் வேறுபாட்டாக்கம்’ என்று எழுதுகிறார்கள். கையில் இரண்டாயிரம் ஆண்டு இலக்கணம் இருக்கும்போது ஏன் இந்தச் சுமை?

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். கதையில் ரூஷா என்று ஒரு பெண் வந்தால் அவளை ரோஜா ஆக்காதீர்கள். போலிஷ் எழுத்தில் பெயருக்கு முதல் எழுத்து பெரிதாக இருக்கும், பூவுக்குச் சிறிதாக இருக்கும். கண்ணே பிரித்துக்கொள்ளும். தமிழில் அந்த வசதி இல்லை. ரோஜா என்று எழுதிவிட்டால், தோட்டத்தில் ரூஷா ரூஷாவைப் பறிக்கும் வரி வரும்போது திணறுவீர்கள். பெயரை ஒலியில் எழுதுங்கள், பொருளை அருகிலேயே ஒருமுறை சொல்லிவிடுங்கள். ‘ரூஷா, அந்த மொழியில் ரோஜா’ என்ற நான்கு சொல் போதும்.