இரண்டு முறை என்றால் எத்தனை முறை?

ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்கக் கூடாது. பல நாடுகளின் அரசியலமைப்புச் சட்டத்தில் இந்த விதி இருக்கிறது. அப்படி விதி வைத்திருந்த சில நாடுகளிலேயே மூன்றாவது, நான்காவது முறையாகப் பதவியேற்றவர்களும் இருக்கிறார்கள். அதற்காக அவர்கள் எல்லோரும் ராணுவத்தைத் தெருவில் இறக்கவில்லை. 'ஒரு முறை' என்பதை எப்படிக் கணக்கிடுவது, எப்போதிலிருந்து கணக்கிடுவது, யார் கணக்கிடுவது என்ற கேள்விகளில் எது தெளிவில்லாமல் இருந்ததோ, அந்த வழியாக நுழைந்துகொண்டார்கள்.

கவனமாக எழுதப்பட்ட கணக்குக்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டு முறை பதவியில் இருந்துவிட்டு 1797-ல் விலகினார். அதன்பின் ஏறக்குறைய 150 ஆண்டுகள் அது எழுதப்படாத மரபாகவே இருந்தது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1932, 1936, 1940, 1944 என நான்கு தேர்தல்களில் வென்று, 1945-ல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். 1947-ல் நாடாளுமன்றம், இரண்டு முறை வரம்பை அரசியலமைப்பிலேயே எழுதும் 22-வது திருத்தத்தை நிறைவேற்றியது. போதுமான மாநிலங்கள் ஒப்புக்கொண்டு 1951-ல் அது நடைமுறைக்கு வந்தது.

அதிபர் பாதியில் இறந்து துணை அதிபர் பொறுப்பேற்றால், அந்த மிச்சக் காலம் ஒரு முறையாக எண்ணப்படுமா? இரண்டு ஆண்டுகளுக்கு மேல் என்றால் எண்ணப்படும், அதற்குள் என்றால் எண்ணப்படாது என்று திருத்தம் கோடு போட்டது. 1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டபோது அவர் பதவிக்காலத்தில் சுமார் 14 மாதங்கள் மீதி இருந்தன. எனவே லிண்டன் ஜான்சன் 1964-ல் வென்ற பிறகும் 1968-ல் போட்டியிடத் தகுதியோடு இருந்தார், அவராகத்தான் விலகினார். 1974 ஆகஸ்டில் நிக்ஸன் ராஜினாமா செய்தபோது மீதி சுமார் 29 மாதங்கள். ஆகவே ஜெரால்ட் ஃபோர்டு அதன்பின் ஒரே ஒரு முறைதான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க முடியும். இந்தக் கணக்குப்படி ஒருவர் அதிகபட்சம் சுமார் பத்து ஆண்டுகள் பதவியில் இருக்கலாம்.

இவ்வளவு நுணுக்கமான வாசகத்திலும் ஒரு சந்து இருக்கிறது. இரண்டு முறைக்கு மேல் 'தேர்ந்தெடுக்கப்படக் கூடாது' என்றுதான் திருத்தம் சொல்கிறது; 'பதவி வகிக்கக் கூடாது' என்று சொல்லவில்லை. அப்படியானால் இரண்டு முறை வென்றவர் துணை அதிபராகி, அந்த வழியே மறுபடி அதிபராகலாமா? அதிபராகத் தகுதியற்றவர் துணை அதிபராகவும் முடியாது என்கிறது 12-வது திருத்தம். ஆனால் 'தகுதியற்றவர்' என்பது இவரையும் சேர்க்குமா என்பதில் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ரஷ்யாவில் ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது. 1993-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 'தொடர்ச்சியாக' இரண்டு முறைக்கு மேல் கூடாது என்றது. புதின் எட்டு ஆண்டுகள் அதிபராக இருந்த பின் 2008-ல் பிரதமராகி, 2012-ல் அதிபராகத் திரும்பினார். இடையில் பதவிக்காலமும் நான்கிலிருந்து ஆறு ஆண்டாகியிருந்தது. 2020-ல் 'தொடர்ச்சியாக' என்ற சொல் நீக்கப்பட்டது. பார்த்தால் விதி இறுகியது போலத் தோன்றும். ஆனால் அதே திருத்தம், அவர் அதுவரை இருந்த காலம் கணக்கில் வராது என்றும் சொன்னது. இப்போது அவர் 2036 வரை இருக்கலாம். மீட்டரை பூஜ்யத்துக்குத் திருப்பும் இந்த உத்திதான் இருப்பதிலேயே ஆபத்தானது என்பேன், ஏனென்றால் விதி அப்படியே இருப்பது போலவே தெரியும்.

பொலிவியாவில் இதை முன்கூட்டியே தடுத்துப் பார்த்தார்கள். 2009-ல் வந்த புதிய அரசியலமைப்பிலேயே, பழைய பதவிக்காலங்களும் எண்ணப்படும் என்று எழுதி வைத்தார்கள். ஆனால் 2013-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், நாடே புதிதாக நிறுவப்பட்டுவிட்டதால் அதிபர் எவோ மொராலஸின் முதல் முறை கணக்கில் வராது என்று தீர்ப்பளித்தது. மூன்றாவது முறை வென்றார். நான்காவதற்காக 2016-ல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, பாதிக்குச் சற்று அதிகமானோர் 'வேண்டாம்' என்றார்கள். 2017-ல் அதே நீதிமன்றம், வரம்பு வைப்பதே அவரது மனித உரிமையைப் பறிப்பதாகும் என்று சொல்லி, மக்கள் மூடிய கதவைத் திறந்துவிட்டது. 2019 தேர்தல் முறைகேட்டுப் புகாரிலும் போராட்டத்திலும் முடிந்து, அவர் பதவி விலகினார். வரம்பின்றி மறுபடி மறுபடி தேர்ந்தெடுக்கப்படுவது மனித உரிமை ஆகாது என்று அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் 2021-ல் சொன்னது. எண்ணும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் சாய்ந்துவிட்டால், வாசகம் எவ்வளவு தெளிவாக இருந்தும் பயனில்லை. கொலம்பியாவில் இதற்கு நேர் மாறாக நடந்தது. மூன்றாவது முறைக்கு வழி திறக்கும் வாக்கெடுப்பை 2010-ல் நீதிமன்றம் தடுத்தது. அதிபர் உரிபே ஏற்றுக்கொண்டு இறங்கினார்.

சரி, பிரதமர்களுக்கு ஏன் பொதுவாக வரம்பு இல்லை? நாடாளுமன்றம் நினைத்தால் பிரதமரை எந்த நாளும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் இறக்கலாம். அதிபரை அப்படி இறக்க முடியாது என்பதே வழக்கமான விளக்கம். ஜெர்மனியில் குடியரசுத் தலைவர் தொடர்ந்து இரண்டு முறைதான் இருக்கலாம், ஆனால் பிரதமருக்கு நிகரான சான்சலராக கோல், மெர்கெல் இருவரும் தலா 16 ஆண்டுகள் இருந்தார்கள். கட்சியே தலைவரின் கைக்குள் அடங்கிவிட்ட இடத்தில் இந்த விளக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எத்தனை முறை என்பதற்கு முன்பே, யார் அதிபராகலாம் என்று சொல்லும் தகுதி விதிகள் வாசலிலேயே நிற்பவை. குறைந்தபட்ச வயது அமெரிக்காவில் 35, ஜெர்மனியில் 40, இத்தாலியில் 50. வயதில் பெரிய சிக்கல் இல்லை. குடியுரிமையும் குடும்பமும் பற்றிய விதிகள்தான் ஒரே ஒருவரை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. பெற்றோரும் அந்நாட்டவராக இருக்க வேண்டும் என்று ஜாம்பியா 1996-ல் கொண்டுவந்த விதி, முன்னாள் அதிபர் கவுண்டாவை வெளியே நிறுத்தியது. பிள்ளைகள் வெளிநாட்டுக் குடிமக்களாக இருக்கக் கூடாது என்ற மியான்மரின் 2008 விதியால் ஆங் சான் சூச்சி அதிபராக முடியவில்லை.

எண்ணிக்கை விளையாட்டின் உச்சத்தைப் பார்த்த நாடு தென் கொரியா. 1954-ல் முதல் அதிபர் சிங்மன் ரீக்கு மட்டும் இரண்டு முறை வரம்பிலிருந்து விலக்களிக்கும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. அவையில் 203 இடங்கள். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 135.33. கிடைத்தது 135. திருத்தம் தோற்றதாக அறிவித்தார்கள். அப்புறம் இரண்டே நாளில், 0.33 என்பது பாதிக்குக் குறைவு, அதை விட்டுவிடலாம், 135 போதும் என்று சொல்லி நிறைவேறியதாக அறிவித்துவிட்டார்கள்! 1960-ல் மாணவர் எழுச்சிதான் அவரை இறக்கியது. பின்னர் வந்த பார்க் சுங் ஹீயும் 1969-ல் மூன்றாவது முறைக்காகத் திருத்தம் செய்தார், 1972-ல் வரம்பையே எடுத்தார்.

இன்று நடப்பில் உள்ள 1987-ஆம் ஆண்டு கொரிய அரசியலமைப்பின்படி அதிபருக்கு ஐந்து ஆண்டு, ஒரே முறை. அதைவிட முக்கியமானது 128-வது பிரிவு. பதவிக்காலத்தை நீட்டவோ மறுபடி போட்டியிட அனுமதிக்கவோ திருத்தம் செய்யலாம், ஆனால் அது முன்மொழியப்படும்போது பதவியில் இருக்கும் அதிபருக்குப் பொருந்தாது. விதியை மாற்றுவதற்குத் தடையில்லை. மாற்றுபவருக்கு ஆதாயம் இல்லை, அவ்வளவுதான். நான் பார்த்தவரை இந்தத் துறையில் மிகச் சிறந்த பூட்டு இதுதான். 2018-ல் அதிபர் மூன் ஜே இன், நான்கு ஆண்டு வீதம் தொடர்ந்து இரண்டு முறை இருக்கலாம் என்ற வரைவைக் கொண்டுவந்தார். போதிய உறுப்பினர்கள் வராததால் அது அவையில் விழுந்தது. நிறைவேறியிருந்தாலும் அவர் 2022-ல் வீட்டுக்குத்தான் போயிருப்பார்.