சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வெட் புளூ வரை: தோல் ஆலைக்குள் வேதிச்சமநிலை

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆர்க்காடு மாவட்டம் நெடுகத் தோல் பதனிடும் ஆலைகள் இருக்கின்றன. பதினோராம் வகுப்பு வேதியியலில் பிள்ளைகள் திணறும் வேதிச்சமநிலைப் பாடம் முழுவதையும் இந்த ஆலைகளில் ஒன்றுக்குள் நிறுத்தி வைத்தே நடத்திவிடலாம். பச்சைத் தோல் சுண்ணாம்பில் இறங்குவதிலிருந்து நீல நிற வெட் புளூவாக (குரோமில் பதனிட்ட ஈரத் தோலாக) டிரம்மை விட்டு வெளியேறுவது வரை, மேஸ்திரி செய்கிற வேலை அனேகமாக ஒன்றுதான். ஒரு மீள்வினையை ஒரு பக்கம் தள்ளிப் பிடித்து வைக்கிறார். நேரம் வந்ததும் மறுபக்கம் விடுகிறார்.

முதலில் சுண்ணாம்பு, தோலின் முடியைத் தளர்த்த. 1000 கிலோ தோலுக்கு 3000 லிட்டர் தண்ணீர், 100 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1.7 கிராம் சுண்ணாம்புதான் கரையும். ஆக 3000 லிட்டரில் கரைவது 5 கிலோ சொச்சம். மீதி 95 கிலோ கரையாமல் அடியில் கிடக்கிறது. பார்க்கிறவருக்கு அது வீண் செலவாகத் தெரியும். உண்மையில் அந்த 95 கிலோவை நம்பித்தான் தொட்டி ஓடுகிறது.

திடச் சுண்ணாம்பு ⇌ கால்சியம் அயனி + ஹைட்ராக்சைடு அயனிகள்

கரைசல் நிறைவுற்ற பிறகு கரைதல் நின்றுவிட்டது என்று நினைப்பதுதான் இந்தப் பாடத்தில் வரும் முதல் தவறு. கரைவதும் மீண்டும் படிகமாவதும் ஒரே வேகத்தில் நடக்கின்றன; அதனால் அளவு மட்டும் மாறாமல் நிற்கிறது. கதிரியக்கக் கால்சியம்-45 கலந்த சிறிது கரைசலை இத்தகைய தொட்டியில் ஊற்றினால், சில மணி நேரத்தில் அது அடியில் கிடக்கும் திடப்பொருளிலும் சேர்ந்திருக்கும். பரிமாற்றம் ஓயவே இல்லை என்பதற்கு அதைவிட நேரான சான்று தேவையில்லை.

தோல் ஹைட்ராக்சைடை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து இன்னும் கொஞ்சம் கரைகிறது. பிஎச் 12.4-ஐ ஒட்டியே நிற்கிறது. சுண்ணாம்பை இரு மடங்காகக் கொட்டினாலும் பிஎச் ஏறாது. திடப்பொருள் எவ்வளவு கிடக்கிறது என்பது சமநிலை மாறிலியின் கணக்கில் வராது. இதே இடத்தில் காஸ்டிக் சோடாவைப் போட்டால் கை கொஞ்சம் அதிகமானாலும் பிஎச் 13-ஐத் தாண்டும், தோல் கூழாகத் தொடங்கும். கண்ணளவில் வேலை பார்த்த காலத்திலும் சுண்ணாம்பு கைவிடாததற்கு அதன் குறைந்த கரைதிறன்தான் காரணம்.

வேலூர் மே மாத வெயிலில் தொட்டித் தண்ணீர் 35, 40 டிகிரியைத் தொடும்போது இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சுண்ணாம்பு கரைவது வெப்பம் உமிழும் வினை. சூடு ஏறினால் சமநிலை பின்னுக்கு நகரும். 40 டிகிரியில் லிட்டருக்கு 1.4 கிராம்தான் கரையும். இந்தக் குறைவு பெரிய பொருட்டில்லை. ஆனால் காரம் புரதத்தைச் சிதைக்கும் வேகம் பல மடங்காகிறது, பாக்டீரியாவும் பெருகுகிறது. தோல் தளர்ந்து மேல்பரப்பு உரிகிறது. சமநிலை எங்கே நிற்கும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேரும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் தேர்விலும் தவறுகிறார்கள், தொட்டியிலும் தவறுகிறார்கள்.

வினைபடு பொருள்களின் செறிவுக்கும் வினையின் போக்குக்கும் உள்ள கணக்கை நார்வேயின் குல்பெர்க், வாகே இருவரும் 1864-இல் எழுதினார்கள். லீ சாட்டலியர் 1884-இல் சொன்னது, சமநிலையில் உள்ள அமைப்பை ஒரு மாற்றம் குலைத்தால் அது அந்த மாற்றத்தைத் தணிக்கும் பக்கம் நகரும் என்பது. மனப்பாடம் செய்ய எளிது, தப்பாகப் பயன்படுத்தவும் எளிது. 'அதிகம் போட்டால் அடுத்த பக்கம் நகரும்' என்று படித்தவர் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுப் பிஎச் ஏறுமென்று காத்திருப்பார். கணக்கில் நுழைவது கரைசலில் உள்ள செறிவு மட்டுமே.

சுண்ணாம்பு நீக்கம் நேரானது. அம்மோனியம் சல்பேட் ஓட்டி, தோலின் தடித்த பகுதியை வெட்டி, வெட்டு முகத்தில் பினால்ப்தலின் சொட்டுவார்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது பிக்கிள், அதாவது தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஓட்டுவது. இங்கிருந்துதான் விஷயம் சுவையாகிறது. 1000 கிலோ தோலுக்கு 800 லிட்டர் தண்ணீர், 80 கிலோ உப்பு. முதலில் உப்பை மட்டும் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் டிரம்மைச் சுற்றவிட்டு, பாமே மீட்டரில் (கரைசலின் அடர்த்தியைக் காட்டும் கருவி) 6 டிகிரிக்குக் குறையவில்லை என்று பார்த்த பிறகே அமிலம். உப்பு போதாமல் அமிலம் போனால் புரத இழைகள் நேர்மின் ஏற்று ஒன்றையொன்று விலக்கும். தண்ணீர் உள்ளே புகுந்து தோல் ஊதிவிடும். ஊதிய தோலைச் சரிசெய்தாலும் இழை பலவீனமாகவே இருக்கும். 12 கிலோ கந்தக அமிலத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் நீர்க்கச் செய்து (அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல), ஆறவைத்து, மூன்று தவணையாகக் கால் மணி நேர இடைவெளியில் விடுவார்கள். முடிவில் பிஎச் 2.8 முதல் 3.0. வெட்டு முகத்தில் புரோமோகிரெசால் பச்சை சொட்டினால் ஓரம் முதல் நடு வரை மஞ்சளாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு நீலக்கோடு தெரிந்தால் அமிலம் இன்னும் உள்ளே போய்ச் சேரவில்லை.

குரோமை, அதாவது தோலைப் பதனிடும் குரோமியம் உப்பை, தோலோடு பிணைப்பதுதான் நோக்கம். பிறகு ஏன் பிணைப்பே நடக்காத அமில நிலைக்கு முதலில் கொண்டுபோக வேண்டும்? இரண்டு மீள்வினைகளைப் பாருங்கள்.

தோலின் கார்பாக்ஸில் ⇌ கார்பாக்ஸிலேட் + ஹைட்ரஜன் அயனி

நீர் சூழ்ந்த குரோமியம் ⇌ ஹைட்ராக்சோ குரோமியம் + ஹைட்ரஜன் அயனி

குரோமியம் பிடித்துக்கொள்வது கார்பாக்ஸிலேட்டைத்தான்; ஹைட்ரஜன் ஒட்டிய கார்பாக்ஸிலை அல்ல. பிடிக்கும் திறனும், பல அணுக்களாகச் சேர்ந்து இழைகளுக்கு இடையே பாலமாகும் திறனும் ஹைட்ராக்சோ வடிவத்துக்கே அதிகம். இரண்டு வினைகளிலும் வலப்பக்கம் ஹைட்ரஜன் அயனி நிற்கிறது. அமிலம் கூடினால் இரண்டுமே இடப்பக்கம் நகரும்.

இரண்டு வினைகளுக்கும் பிகே மதிப்பு (பாதி வலப்பக்க வடிவுக்கு மாறியிருக்கும் பிஎச்) ஏறத்தாழ 4. அப்படியானால் பிஎச் 3-இல் கார்பாக்ஸிலில் சுமார் 9 விழுக்காடும் குரோமியத்தில் சுமார் 9 விழுக்காடும்தான் வலப்பக்க வடிவில் இருக்கும். இரண்டும் சந்திக்கும் வாய்ப்பு 100-க்கு 1 கூட இல்லை. பிஎச் 4-இல் இரண்டும் பாதிப் பாதி. வாய்ப்பு 100-க்கு 25. பிஎச் ஒரே ஒரு படி ஏறியதில் வாய்ப்பு 30 மடங்காகிறது. நிஜ டிரம்மில் சல்பேட்டும் குரோமியத்தோடு ஒட்டியிருப்பதால் எண்கள் இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனால் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று இந்தத் தோராயக் கணக்கே காட்டிவிடுகிறது.

ஆக, பிக்கிளில் இரு வினைகளையும் இடப்பக்கம் அழுத்தி வைத்துக்கொண்டு 80 கிலோ காரத்தன்மை கொண்ட குரோமியம் சல்பேட் தூளைப் போடுகிறார்கள். சந்தையில் கிடைக்கும் தூள் பொதுவாக 33 விழுக்காடு காரத்தன்மை கொண்டது. அதாவது குரோமியத்தின் மூன்று இணைதிறனில் ஒன்று ஹைட்ராக்சைடுக்குப் போயிருக்கிறது. பிக்கிளின் அமிலம் அந்த ஹைட்ராக்சைடையும் தற்காலிகமாகப் பிடுங்கிக்கொள்கிறது. குரோமியம் சின்ன அயனியாக, எதையும் பற்றிக்கொள்ளாமல், தோலின் நடு வரை போகிறது. இரண்டு மணி நேரம் கழித்துக் கழுத்துப் பகுதியை வெட்டிப் பார்ப்பார்கள். நீலம் குறுக்கே முழுசாக ஓடியிருக்க வேண்டும். நடுவில் வெள்ளைக் கீற்று இருந்தால் டிரம் இன்னும் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் பின்னால் எதுவும் கைகொடுக்காது.

உள்ளே போய்ச் சேர்ந்தது உறுதியான பிறகுதான் ஆப்ப சோடா. 10 முதல் 12 கிலோ சோடியம் பைகார்பனேட்டை 150 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மூன்று நான்கு தவணையாக, அரை மணிக்கு ஒருமுறை. அது ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துத் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. வாயு டிரம் அச்சின் துளை வழியே வெளியேறிவிடுவதால் அந்த வினை திரும்பி வர வழியில்லை. ஹைட்ரஜன் அயனி குறையக் குறைய மேலே சொன்ன இரண்டு சமநிலைகளும் வலப்பக்கம் நகர்கின்றன. தோலுக்குள் ஏற்கெனவே காத்திருக்கும் குரோமியம் நின்ற இடத்திலேயே பிணைகிறது. கடைசிப் பிஎச் 3.8 முதல் 4.0.

கெடுவதும் இந்தக் கட்டத்தில்தான். சோடாவை ஒரே தவணையில் கொட்டினால் தோலின் மேற்பரப்பில் மட்டும் பிஎச் சட்டென்று ஏறும். கரைசலில் மிச்சமிருந்த குரோமியம் அங்கேயே குவிந்து பிணையும், மேல்பரப்பு சொரசொரப்பாகும். பிஎச் 4.5-ஐத் தாண்டிவிட்டால் குரோமியம் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து பச்சைத் திட்டுகள் விழும். சீக்கிரம் கரையட்டும் என்று சோடாவைக் கொதிநீரில் போடுவதும் இதே வம்புதான். சூட்டில் பைகார்பனேட் கார்பனேட்டாக மாறுகிறது; அதன் காரம் கூர்மையானது. வெதுவெதுப்பான தண்ணீரே போதும். சோடியம் பார்மேட்டை ஒரு விழுக்காடு முன்கூட்டியே சேர்ப்பவர்களும் உண்டு. பார்மிக் அமிலத்தின் பிகே 3.75 என்பதால் இந்த எல்லையில் அது நல்ல தாங்கல் கரைசலாக வேலை செய்து, பிஎச் துள்ளாமல் பார்த்துக்கொள்கிறது.

பதமானதைச் சோதிக்க ஒரு துண்டை வெட்டித் தாளில் வைத்து அதன் ஓரத்தைக் கோடிட்டு, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து மீண்டும் அந்தக் கோட்டின் மேல் வைக்கிறார்கள். பதனிடாத தோல் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். நன்றாகப் பதமான குரோம் தோல் கோட்டை விட்டு நகராது.

டிரம்மிலிருந்து எடுத்ததும் தோலை உடனே அடுத்த வேலைக்கு அனுப்பாமல் ஒரு நாள், இரண்டு நாள் அடுக்கி மூடி வைப்பது வழக்கம். குரோமியம்(III) தன்னைச் சுற்றியுள்ள ஈனிகளை (அதோடு ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளை, அயனிகளை) மிக மந்தமாக மாற்றிக்கொள்ளும் உலோகம். அறை வெப்பத்தில் அதன் நீர் மூலக்கூறு ஒன்று இடம் மாற நாட்கணக்கில் ஆகும். சமநிலை எந்தப் பக்கம் என்று சோடா முடிவு செய்துவிட்டது. போய்ச் சேர நேரம் வேண்டும். அடுக்கில் கிடக்கும்போது ஹைட்ராக்சைடுப் பாலங்கள் ஆக்சைடுப் பாலங்களாக மாறி ஹைட்ரஜன் அயனியை விடுகின்றன. அதனால்தான் அடுக்கி வைத்த தோலின் பிஎச் மெல்ல இறங்குகிறது. இந்தக் கடைசி மாற்றம் தாளில் மீள்வினைதான். நடைமுறையில் திரும்பாது. புதிதாகப் பதமான தோலிலிருந்து குரோமை அமிலத்தால் ஓரளவு கழற்றலாம், பழையதிலிருந்து லேசில் முடியாது. இதற்கு முன் இந்த வட்டாரம் பெயர் பெற்றிருந்த ஆவாரம்பட்டைப் பதனீடு இதற்கு நேர்மாறு. அங்கே பிணைப்பில் பெரும்பங்கு பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்புகள். வெண்காரக் கரைசலில் போட்டால் டானின் (பட்டையிலுள்ள பதனிடும் பொருள்) நல்ல அளவு வெளியேறிவிடும்.

போட்ட குரோமில் 60 முதல் 70 விழுக்காடுதான் தோலில் ஏறும். மிச்சம் கழிவுக் கரைசலில் நிற்கிறது. அதை மீட்பதும் இதே சமநிலையை இன்னும் வலப்பக்கம் இழுத்துத்தான். மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்துப் பிஎச்சை 8 முதல் 8.5 வரை ஏற்றினால் குரோமியம் ஹைட்ராக்சைடு வீழ்படியும். ஓர் இரவு படியவிட்டு, தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடிச் சேற்றில் கந்தக அமிலம் விட்டுப் பிஎச்சை 2.5 அளவுக்கு இறக்கினால் அது மீண்டும் குரோமியம் சல்பேட். புது குரோமுடன் கலந்து டிரம்முக்கே திருப்பலாம். விலை குறைவென்று காஸ்டிக் சோடாவைப் பயன்படுத்தினால் கை மீறும் ஆபத்து உண்டு. பிஎச் மிக ஏறினால் குரோமியம் ஹைட்ராக்சைடு காரத்திலும் கரையத் தொடங்கிவிடும், வந்த வீழ்படிவு மறுபடி கரைசலுக்குள் போய்விடும். மெக்னீசியம் ஆக்சைடு தண்ணீரில் அரிதாகவே கரைவதால் அந்த எல்லைக்குப் போகவே முடியாது. சேறும் இறுக்கமாகப் படியும். சேற்றை வாரக்கணக்கில் போட்டுவைக்கவும் கூடாது. ஆக்சைடுப் பாலங்கள் இறுகிவிட்டால் அமிலம் ஊற்றினாலும் கரையாது.

குரோமைப் பிடிக்க இந்த வழி இருக்கிறது. பிக்கிளில் போட்ட உப்பைப் பிடிக்க இல்லை. குரோமியம் ஹைட்ராக்சைடு போலத் தண்ணீரில் கரையாத ஒரு சாதாரணச் சோடியம் சேர்மம் கிடையாது. எதைச் சேர்த்தாலும் சோடியம் கரைசலிலேயே நிற்கும். குரோம் நீக்கிய, சுத்திகரித்த கழிவுநீரிலும் கரைந்த உப்பு அப்படியே இருப்பதற்கும், பாலாற்றங்கரைக் கிணறுகள் உவர்த்ததற்கும் இதுதான் வேதியியல் காரணம். அதனால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடுபரவல் அலகையும், அதற்குப் பின்னால் தண்ணீரை ஆவியாக்கும் கொப்பரைகளையும் வைக்க வேண்டி வந்தது. அந்தக் கொப்பரையில் கரைசலை நிறைவு நிலைக்கு மேல் கொண்டுபோய் உப்பைப் படிகமாக்குகிறார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இலவசமாகக் கிடைத்த அதே நிறைவுநிலையை அடைய இங்கே எரிபொருள் எரிய வேண்டியிருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2260 கிலோஜூல் வெப்பம் தேவை.