ரசிகர்கள் தருவது முன்பணம்: இணையத்தில் படக்கதை வரைபவர்களுக்கு ஓர் ஆடிட்டர் எழுதுவது

2012 ஜனவரியில் அமெரிக்க ஓவியர் ரிச் பர்லூ, தன் ‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ வெப்காமிக்கின் கைவசம் தீர்ந்துபோன ஒரு தொகுப்பை மறுபதிப்பு செய்வதற்காக, பலரிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் 57,750 டாலர் கேட்டார். ஒரு மாதத்துக்குள் 14,952 பேர் சேர்ந்து 12,54,120 டாலர் கொடுத்தார்கள். குச்சி மனிதர்களை வைத்து வரையும் தொடர், பெரிய பதிப்பகம் எதுவும் பின்னால் இல்லை, வாசகர்கள் மட்டும்தான்.

என்னிடம் கணக்கு பார்க்க வரும் இளம் ஓவியர்கள் பலருக்கு இந்தக் கதை தலைகீழ்ப் பாடம். அதன் பின்பாதி தெரிந்தவர்கள் குறைவு. அதே ஆண்டு செப்டம்பரில் பர்லூவின் கையில் பலத்த காயம் பட்டது. கேட்டதைப்போல் இருபது மடங்குக்கு மேல் பணம் குவிந்தபோது, கூடுதல் கதைகள், தனி ஓவியங்கள் என்று ஒவ்வொரு கட்டத்திலும் அவர் புதிது புதிதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதையெல்லாம் வரைந்து முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. அவ்வளவு உழைப்பாளிக்கே அந்த நிலை.

அதனால் முதலில் நான் சொல்வது இதுதான். ரசிகர் அனுப்பும் பணத்தை, புத்தகம் அவர் கைக்குப் போய்ச் சேரும்வரை முன்பணமாகவே வைத்திருங்கள். கணக்கேட்டில் அது கடன் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். இதற்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, வீட்டு வாடகைக்கோ புது டேப்லெட்டுக்கோ அதிலிருந்து எடுக்காமல் இருந்தாலே பாதிச் சிக்கல் வராது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 400 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் தந்தால் திரையில் 4 லட்சம் தெரியும். வண்ணத்தில் அச்சிட ஒரு பிரதிக்கு 350 என்று வைத்தால் 1,40,000 போய்விடும். அட்டைப்பெட்டி, கூரியருக்குத் தலைக்கு 120 வீதம் 48,000. ஸ்டிக்கர், புக்மார்க் போன்றவற்றுக்கு 60 வீதம் 24,000. பணம் திரட்டும் தளத்தின் கமிஷன் 5 சதவீதம் என்றால் 20,000, பணப் பரிமாற்றக் கட்டணம் ஏறக்குறைய 10,000. மூலை நசுங்கியும் முகவரி தவறியும் திரும்பி வரும் 20 பிரதிகளை மறுபடி அனுப்ப 9,400. மீதி 1,48,600 ரூபாய். கதை எழுதி, வரைந்து, அச்சகத்துக்கு அலைந்து, பார்சல் கட்டி முடிக்க எட்டு மாதம் ஆகும் என்றால் மாதம் 18,575. இதில் உங்களுக்குச் சம்மதமா என்பதைப் பணம் திரட்டும் பக்கத்தைத் தொடங்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். சம்மதமில்லை என்றால் விலையை ஏற்றுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களைப் பிடித்துப்போய்த்தானே அவர்கள் பணம் கட்டுகிறார்கள்.

“சார், புத்தகத்தோட டீ-ஷர்ட்டும் குடுத்தா 2,000 ரூபா வைக்கலாம்ல?” இந்தக் கேள்வியைக் கேட்காமல் என் மேசையிலிருந்து எழுந்தவர்கள் அபூர்வம். இங்கேதான் கவனம் வேண்டும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. டீ-ஷர்ட், காபி கோப்பை, கீசெயின் எல்லாம் வரி உள்ள சரக்கு. வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்பவர், விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு செய்தாக வேண்டும். ‘ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை கவலையில்லை’ என்று நண்பர்கள் சொல்வது சேவைகளுக்குப் பொருந்தும். பெங்களூரு வாசகருக்கு அனுப்பும் டீ-ஷர்ட்டுக்குப் பொருந்தாது. பதிவு எடுத்தபின் விற்பனை இல்லாத மாதங்களிலும் ரிட்டர்ன் தாக்கல் செய்வது தொடரும், தவறினால் தாமதக் கட்டணம். 30 டீ-ஷர்ட்டுக்காக இந்தச் சுமை தேவையா என்று யோசியுங்கள்.

அப்படியானால் என்ன தரலாம்? வரையும்போது எடுத்த பென்சில் பக்கங்களின் பிடிஎஃப், வால்பேப்பர், நன்றிப் பக்கத்தில் பெயர். அஞ்சல் செலவு இல்லாதவை, உண்மையான ரசிகர் இவற்றைத்தான் ஆசையாகக் கேட்பார். புத்தகத்தின் முதல் பக்கத்தில் கையால் ஒரு படம் வரைந்து தருவதாகச் சொன்னால் மட்டும் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வையுங்கள். ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் என்றால் 400 பிரதிக்கு 100 மணி நேரம்!

வெளிநாட்டு வாசகர்களுக்கு அச்சுப் புத்தகம் அனுப்புவதிலும் அவசரப்பட வேண்டாம். 800 டாலர் வரையான பார்சல்களுக்கு அமெரிக்கா தந்துவந்த சுங்கவரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. அதற்கு நான்கு நாள் முன்பே இந்திய அஞ்சல் துறை அந்த நாட்டுக்கான பெரும்பாலான பார்சல்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. திரும்பத் தொடங்க அக்டோபர் ஆனது. அஞ்சல் செலவையும் சேர்த்து முன்கூட்டியே வசூலித்தவர்கள் அந்த நாட்களில் என்ன பாடு பட்டிருப்பார்கள்! வெளிநாட்டுக்கு டிஜிட்டல் பிரதி மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அச்சுப் பிரதிதான் வேண்டும் என்பவரிடம் அஞ்சல் கட்டணத்தை அனுப்பும் நேரத்தில் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் வசிப்பவர் கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க முடியாது. அதனால் சிங்கப்பூரில் இருக்கும் மாமா பெயரில் பக்கம் தொடங்கும் வழக்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். மாமா நல்லவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பணம் அவருடைய அடையாள ஆவணத்தில், அவருடைய கணக்கில் வருகிறது. அந்நாட்டு வரித்துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பிறகு அவர் உங்களுக்கு அனுப்பும்போது வங்கிப் படிவத்தில் ‘குடும்பச் செலவு’ என்று குறித்தால், தொழில் வரவைக் குடும்ப உதவியாகக் காட்டிய பொய் உங்கள் கணக்கில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். தவிர்க்கவே முடியாவிட்டால் இருவருக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அவருக்கு இன்வாய்ஸ் கொடுத்து, தொழில் வரவாகவே வாங்குங்கள். அதுபோல வெளிநாட்டு ரசிகர்களுக்கான பக்கத்தில் ‘நன்கொடை’ என்று போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். பதிலுக்கு என்ன தருகிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். விற்பனைக்கான வரவை வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் ஒரு மாதிரியும், பதிலுக்கு எதுவும் தராத வரவை இன்னொரு மாதிரியும் பார்க்கும்.

புத்தகத்துக்காக ஒரே தடவையில் திரட்டுவதைவிட மாதச் சந்தாதான் தொடர் வரைபவருக்கு ஏற்றது என்பது என் கருத்து. 2004-இல் ‘சம்திங் பாசிட்டிவ்’ வெப்காமிக்கை வரைந்த ராண்டி மில்ஹாலண்ட், பக்கம் தாமதமாகிறது என்று குறைசொன்ன வாசகர்களிடம், “என் ஒரு வருடச் சம்பளத்தைக் கொடுங்கள், வேலையை விட்டுவிட்டு வரைகிறேன்” என்றார். கொடுத்துவிட்டார்கள்! வாசகர்கள் அன்று வாங்கியது அவருடைய நேரத்தை. 2013-இல் வந்த பேட்ரியான் என்ற சந்தாத் தளம் இதையே மாதாமாதம் நடக்கும் ஏற்பாடாக ஆக்கியது.

ஆனால் தளம் உங்களுடையது இல்லை என்பதை மறக்கக் கூடாது. 2017 டிசம்பரில் பேட்ரியான், ஒவ்வொரு சந்தாவுக்கும் 2.9 சதவீதமும் 35 சென்டும் ரசிகரிடமே வசூலிக்கப் போவதாக அறிவித்தது. ஒரு டாலர் கொடுத்துவந்தவர் 1.38 டாலர் கட்ட வேண்டும். சில நாட்களுக்குள் எதிர்ப்பு வலுத்துத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் ரசிகர்கள் பலர் விலகிவிட்டிருந்தார்கள். ஒரு டாலர், இரண்டு டாலர் சந்தாக்களை நம்பியிருந்த ஓவியர்களுக்குத்தான் அடி அதிகம். நம் பக்கத்திலும் 2021 அக்டோபரில் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கான ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறைக்கு வந்தபோது, இந்தியக் கார்டுகளில் ஓடிக்கொண்டிருந்த வெளிநாட்டுச் சந்தாக்கள் ஏராளமாக நின்றுபோயின. எனவே ரசிகர்களின் மின்னஞ்சல் பட்டியல், அவர்கள் சம்மதத்தோடு, உங்கள் கையில் தனியாக இருக்கட்டும். இந்திய வாசகர்களுக்கு யுபிஐ ஆட்டோபே (மாதாமாதம் தானாகப் பணம் செலுத்தும்) வசதியுள்ள வழி ஒன்றையும் சேர்த்து வையுங்கள். வெளிநாட்டுக் கார்டு வழியைவிட அதில் தடங்கல் குறைவு.

கடைசியாக, தேதி. கணக்கேட்டில் முன்பணம் என்று எழுதச் சொன்னேன். ஆனால் வரவு வந்த தேதியை வைத்துக் கணக்கு எழுதுபவர்களுக்கு வருமான வரி அப்படிப் பார்க்காது. பிப்ரவரியில் 4 லட்சம் வந்து, அச்சுக்கூலியும் கூரியரும் ஜூலையில் போனால், மார்ச் 31-உடன் முடியும் ஆண்டில் முழு 4 லட்சமும் வருமானமாக நிற்கும், செலவு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். திரட்டலை ஏப்ரலிலோ மே மாதத்திலோ தொடங்கி, டிசம்பருக்குள் பார்சலை அனுப்பி முடிக்கும்படி திட்டமிட்டால் வரவும் செலவும் ஒரே ஆண்டில் விழும். பக்கத்தை எந்த வாரம் வெளியிடலாம் என்று யோசிக்கும்போதே உங்கள் ஆடிட்டரையும் ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள்.