பிடிப்பது சுலபம், விடுவதுதான் வித்தை

மணலி, எண்ணூர் பக்கம் வசிப்பவர்களுக்கு வேதியியல் முதலில் மூக்கு வழியாகத்தான் அறிமுகமாகும். மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் உயரமான கோபுரங்களில் பெரும்பாலும் நடப்பது, கொதிநிலை வித்தியாசத்தை வைத்துப் பிரிக்கிற வேலை. ஆனால் பென்சீன் கொதிப்பது 80.1 டிகிரியில், சைக்ளோஹெக்சேன் 80.7 டிகிரியில். இவை கலந்துவிட்டால் வெறுமனே காய்ச்சிப் பிரிக்க முடியாது. பென்சீன் தட்டையானது, சைக்ளோஹெக்சேன் தடித்தது. ஆகவே உருவம் பார்த்துப் பிடிக்கிற ஏதாவது வேண்டும். அப்படிப்பட்டவைதான் மூலக்கூறு கூண்டுகள்.

உலோக அயனிகள் மூலைகளாகவும் கரிம மூலக்கூறுகள் சட்டங்களாகவும் தாமாகவே கூடி, நடுவில் ஒரு பொந்தை விடுகின்றன. கூண்டு தண்ணீரில் இருக்கும்போது, அந்தப் பொந்துக்குள் அடைபட்ட தண்ணீர் மூலக்கூறுகளால் பக்கத்துத் தண்ணீரோடு சரியாகக் கைகோக்க முடியாது. எண்ணெய்க் குணமுள்ள விருந்தாளி, அதாவது பிடிபடப்போகும் மூலக்கூறு, வந்ததும் அவை வெளியேறிவிடும். பிடிப்புக்குப் பெரும்பாலும் இந்த விடுதலைதான் காரணம். திருவொற்றியூர் ஷேர் ஆட்டோ மாதிரி திணித்துக்கொள்ளவும் கூடாது: பொந்தில் சுமார் 55 சதவீதம் நிரம்பினால்தான் பிடிப்பு நன்றாக இருக்கும் என்பது வேதியியலாளர் ஜூலியஸ் ரெபெக்கின் குழு 1998இல் சொன்ன கணக்கு.

2009இல் இன்னொரு வேதியியலாளர் ஜொனாதன் நிட்ச்கேயின் குழு, நான்கு இரும்பு மூலைகள் கொண்ட கூண்டில் வெள்ளைப் பாஸ்பரஸை அடைத்தது. நம்மூர் வெயிலில் தானாகவே பற்றிக்கொள்ளும் சரக்கு அது! கூண்டுக்குள் போனதும் காற்றுபட்டும் எரியவில்லை. ஆக்சிஜன் நுழைய முடியாததால் அல்ல. ஆக்சிஜன் சேர்ந்தால் மூலக்கூறு பருத்துவிடும், அதற்கு உள்ளே இடமில்லை. சரி, வெளியே எடுப்பது எப்படி? பென்சீனைச் சேர்த்தார்கள், அது உள்ளே புகுந்து பாஸ்பரஸை வெளியேற்றியது.

எல்லா இடத்திலும் விடவேண்டும் என்பதில்லை. அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் ரோகுரோனியத்தை, சுகமாடெக்ஸ் என்ற சர்க்கரை வளையம் ரத்தத்திலேயே கவ்வி, சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. அங்கே விடாமல் இருப்பதே வேலை.

மற்ற இடங்களில் சாவி தேவை. அமிலம் ஊற்றினால் சில கூண்டுகள் அவிழும், காரம் சேர்த்தால் மறுபடி கூடும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் உப்பு கழிவாகச் சேர்ந்துகொண்டே போகும். ஒளிபட்டால் வளையும் அசோபென்சீன் என்ற மூலக்கூறைச் சட்டத்தில் பொருத்தினால் கழிவு கிடையாது. எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் அடர்ந்த நிறமுள்ள கரைசலில் ஒளி மேலோடு நின்றுவிடும், அடியில் இருக்கும் கூண்டுகள் மூடியபடியே கிடக்கும்.